ஐயாவுக்கு போன் போட முடியாத ஞாயிற்றுக்கிழமைகள்

முதல்லயே சொல்லிடுறேன், சபையில எழுந்து நின்னு சொல்ற சாட்சி மாதிரி இது முடியாது. சாட்சின்னா கடைசி ரெண்டு நிமிஷத்துல எல்லாம் சரியாயிடும், எல்லாரும் அல்லேலூயா சொல்லிட்டு உக்காந்துடுவாங்க. எனக்கு இன்னும் சரியாகல, ஆனா நாள் ஓடுது, ஊழியமும் ஓடுது. என்னை ஊழியத்துல சேத்துக்கிட்ட ஐயா இறந்து போய் ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு. நடுவுல எங்கெங்க தடுக்கி விழுந்தேன்னு எழுதி வச்சா இதே இடத்துல நிக்கிற இன்னொரு ஊழியக்காரருக்கு உதவுமேன்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

நான் ஒரு சின்ன சபைக்கு பாஸ்டர். நல்ல ஞாயிறுன்னா 60 பேர், மழைன்னா 20. சொந்தக் கட்டடம் கிடையாது, வாடகை ஹால்தான். பாஸ்டர்னா பிரசங்கம் பண்றவர்னு நெனச்சுதான் நானும் இதுக்குள்ள வந்தேன். வந்த பிறகுதான் தெரிஞ்சுது பிரசங்கம் வாரத்துல முக்கால் மணி நேரம், மிச்சமெல்லாம் சேர் அடுக்குறது, ஆஸ்பத்திரிக்கு ஓடுறது, பேசாம இருக்கிற அண்ணன் தம்பிக்கு நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் திட்டு வாங்குறது, மைக்ல கொய்ய்ய்னு சத்தம் வந்தா எந்த ஒயர்னு மேடைக்குப் பின்னாடி தவழ்ந்து தேடுறது.

ஐயா எனக்கு யாருன்னா, பைபிள் காலேஜ் முடிச்சு வெளிய வந்தப்ப என்னை உதவி ஊழியரா சேத்துக்கிட்டவர். அவர்கிட்ட 3 வருஷம் இருந்தேன், அப்புறம் தனியா வந்து 11 வருஷம். இந்த 11 வருஷமும் ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு அவருக்கு போன் போடுவேன். அவரும் ரிட்டையர் ஆனவர்தான, வேற வேலை இல்ல, முதல் ரிங்லயே எடுப்பாரு. எடுத்த உடனே "ஸ்தோத்திரம் தம்பி"ன்னு சொல்லிட்டு மூணு கேள்வி கேப்பாரு. தூங்குனியா? சாப்பிட்டியா? இன்னிக்கு யாரையாவது கத்துனியா? மூணுக்கும் பதில் வாங்கிட்டுதான் "இப்ப சொல்லு"ம்பாரு. நான் எவ்வளவு பெரிய பிரச்சனையோட போன் பண்ணாலும் சரி, மூணு கேள்வி முடியாம ஆரம்பிக்க விடமாட்டாரு. ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும், நான் சபை ரெண்டா உடையப்போகுதுன்னு பதறிக்கிட்டு இருக்கேன், இவரு சாப்பிட்டியான்னு கேக்குறாரேன்னு.

ரொம்ப நாள் கழிச்சு 1 இராஜாக்கள் 19 பிரசங்கத்துக்கு தயார் பண்ணும்போதுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து போதும் கர்த்தாவே என் உசுரை எடுத்துக்கோன்னு சொல்றாரு. தேவதூதன் வந்து அவருக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லல, கர்மேல்ல அக்கினி எறங்குனதை மறந்துட்டியான்னு கேக்கல. எழுந்து சாப்பிடுன்னான். சாப்பிட்டுட்டு மறுபடி படுத்துட்டாரு, மறுபடி தட்டி எழுப்பி சாப்பிட வச்சான். அதுக்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் இங்க உனக்கு என்ன வேலைன்னு கேள்வியே வருது. அடடா ஐயா இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்காருன்னு ஒரே ஆச்சரியத்தோட போன் போட்டு, ஐயா உங்க மூணு கேள்வி எலியாகிட்ட இருந்து வந்ததுதானேன்னு கேட்டேன். "இல்ல தம்பி, எங்கம்மா கேப்பாங்க அப்படி"ன்னாரு. என் பிரசங்கத்துல ஒரு நல்ல பாயிண்ட் அன்னிக்கே செத்துச்சு.

நான் அவர்கிட்ட கொண்டுபோன பிரச்சனைகளை இப்ப யோசிச்சா வெக்கமா இருக்கு, எல்லாம் அவ்வளவு சின்னது. ஒரு கல்யாணத்துல வாக்குறுதி எடுக்க வைக்கும்போது பொண்ணு பேருக்குப் பதிலா அவளோட அக்கா பேரைச் சொல்லிட்டேன், அக்காவுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் கல்யாணம் பண்ணி வச்சேன், அந்தப் பேரு வாய்ல அப்படியே உக்காந்திருச்சு. மாப்பிள்ளையும் பயத்துல அதையே திருப்பிச் சொல்லிட்டான். ஹால்ல ஒரு நொடி ஊசி விழுந்தா கேக்கும். அன்னிக்கு ராத்திரி போன் போட்டு ஐயா நான் இனிமே மேடை ஏறமாட்டேன்னு சொன்னேன். மூணு கேள்வி முடிச்சுட்டு ஒரு நிமிஷம் முழுசா சிரிச்சாரு, அப்புறம் சொன்னாரு, அவரு சின்ன வயசுல ஒரு அடக்க ஆராதனையில செத்தவர் பேருக்குப் பதிலா அவர் தம்பி பேரைச் சொல்லி "நம்மை விட்டுக் கடந்து சென்ற"ன்னு ஆரம்பிச்சாராம், முன்வரிசையில இருந்த தம்பி எழுந்து "பாஸ்டர், நான் இருக்கேன்"னாராம். இது உண்மையா இல்ல எனக்காகக் கட்டுன கதையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அடுத்த ஞாயிறு மேடை ஏறுனேன்.

9 வருஷமா கூட இருந்த ஒரு குடும்பம் ஒரு வார்த்தை சொல்லாம சபையை விட்டுப் போனாங்க. வாட்ஸ்அப் குரூப்ல நாலு நம்பர் வரிசையா வெளியேறினதைப் பாத்துதான் எனக்கே தெரியும். அவங்க பிள்ளைங்க ரெண்டையும் கைக்குழந்தையில கர்த்தருக்குன்னு ஜெபிச்சுப் பிரதிஷ்டை பண்ணது நான், அவங்க வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சண்டைன்னா போய் நின்னது நான். கொதிச்சுப் போய் போன் பண்ணேன். ஐயா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "ஜெப நோட்ல அவங்க பேரை அடிச்சிட்டியா?" இன்னும் இல்லன்னேன். "அடிக்காத. ஜெபம் பண்ண முடியலன்னா பரவாயில்ல, பேரை மட்டும் அடிக்காத." இன்னும் அந்தப் பேரு நோட்ல இருக்கு. ஜெபிக்கிறேனான்னு கேட்டா, சில நாள்.

ஐயாவுக்கு இன்னொரு பைத்தியம் உண்டு, எலக்ட்ரிக்கல் வேலை. பைபிள் பைக்குள்ள எப்பவும் ஒரு டெஸ்டர் இருக்கும். எங்க சபைக்குப் பேச வந்தாருன்னா ஆராதனைக்கு முன்னாடி சுவிட்ச் போர்டுகிட்டதான் நிப்பாரு. கடைசியா வந்தப்ப எங்ககிட்ட இருந்த ஒரே உருப்படியான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை, நீளமான ஒயரு, ஆறு பாயிண்ட் உள்ளது, அதைக் கையில எடுத்து மோந்து பாத்தாரு. "கருகுன வாசனை வருது தம்பி, ஒரு பாயிண்ட் உள்ள தீஞ்சிருக்கு, நான் எடுத்துட்டுப் போய் பிரிச்சுப் பாத்துத் தர்றேன்"ன்னு கொண்டு போயிட்டாரு. அதுக்கு மூணு வாரம் கழிச்சு வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போனாங்க.

கணையத்துல புத்துநோய். அது பெரும்பாலும் முத்தின பிறகுதான் வெளிய தெரியுமாம், கணையம் வயித்துக்குள்ள ரொம்ப ஆழத்துல பின்னாடி இருக்கிறதால கட்டி கைக்குத் தட்டுப்படாது, வலியும் முதுகு வலி அஜீரணம்னு ஏதோ ஒண்ணு மாதிரி போயிடும். ஐயாவுக்கும் அப்படித்தான் ஆச்சு. ஏழு மாசம்.

அந்த ஏழு மாசமும் நாங்க ஜெபிச்சோம். உபவாசம் இருந்தோம், ஆள் மாத்தி ஆள் விடாம ஜெபிக்கிற சங்கிலி ஜெபம் போட்டோம். நானும் சுகம் வரும்னு நம்பித்தான் ஜெபிச்சேன், கடமைக்கு இல்ல. நாள் ஆக ஆக பாக்க வர்றவங்க பேச்சு மாறுச்சு. ஒருத்தர் கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னு "எங்கயோ விசுவாசத்துல குறைவு இருக்கு பாஸ்டர்"னு சொன்னாரு, ஐயா தூங்குறாருன்னு நெனச்சு. ஐயா கண்ணைத் திறக்காமலே, "எலிசா எப்படி செத்தான்னு படிச்சிருக்கீங்களா"ன்னாரு. 2 இராஜாக்கள் 13:14. எலியாவோட சிஷ்யன், அவரோட ஆவியில இரட்டிப்பான பங்கு வாங்குன ஆளு, செத்த பையனை உயிரோட எழுப்புன ஆளு, வியாதிப்பட்டுதான் செத்தாரு, அதுவும் மரணத்துக்கேதுவான வியாதின்னு நேராவே எழுதியிருக்கு. அவருக்கு விசுவாசம் குறைவுன்னு அங்க ஒரு வரி கூட இல்ல. பவுலும் கூட ஊழியம் பண்ண துரோப்பீமுவை மிலேத்துவுல வியாதியோட விட்டுட்டுத்தான் வந்தாரு, சுகமாக்கிட்டு வரல. ஐயாவைப் பாக்க வந்தவர் அப்புறம் அங்க உக்காரல, கிளம்பிட்டாரு.

கடைசி மாசம் எனக்கு இன்னொரு தொல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவுல யாராவது என்னைத் தனியா இழுத்துட்டுப் போய், "பாஸ்டர், டாக்டர் சொன்னாங்களாம், இன்னும் ரொம்ப நாள் இல்லையாம், உங்களுக்குத் தெரியுமா"ம்பாங்க. தெரியும்பேன். அடுத்த நாள் இன்னொருத்தர். எலியாவைக் கர்த்தர் எடுத்துக்கிட்ட 2 இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தை நான் எத்தனையோ தடவை பிரசங்கிச்சிருக்கேன், சால்வை, இரட்டிப்பான பங்கு, அக்கினி ரதம் இதுதான் என் கண்ணுக்குத் தெரியும். பெத்தேல்ல தீர்க்கதரிசிகளின் புத்திரர் வந்து இன்னிக்கு உன் எஜமானைக் கர்த்தர் எடுத்துக்குவார்னு உனக்குத் தெரியுமான்னு எலிசாகிட்ட கேக்குறாங்க, எரிகோவுலயும் அதே கேள்வி. ரெண்டு தடவையும் எலிசா சொல்றது, எனக்குத் தெரியும், சும்மா இருங்க. அந்த "சும்மா இருங்க"வோட எரிச்சலு எனக்கு அந்த வராண்டாவுலதான் புரிஞ்சுது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலம் ஐயா போயிட்டாரு. நான் பக்கத்துல இல்ல, வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு வரலாம்னு போயிருந்தேன். அதைப் பத்தி இதுக்கு மேல எழுத முடியல.

அடக்க ஆராதனையை என்னைத்தான் நடத்தச் சொன்னாங்க, அம்மா, அதாவது ஐயாவோட மனைவி, கேட்டாங்க, மறுக்க முடியுமா. ஒழுங்கா நடத்துனேன். பாட்டு நம்பர் சொன்னேன், வசனம் வாசிச்சேன், பெட்டி தூக்குறவங்களுக்கு இடது வலது சொன்னேன், ஒரு சொட்டு கண்ணீர் வரல. ஜனங்க "பாஸ்டர் எவ்வளவு தைரியமா நின்னாரு"ன்னாங்க. தைரியமெல்லாம் ஒண்ணும் இல்லங்க, அன்னிக்கு நான் வேலைக்கு நின்னேன். ஊழியக்காரனுக்கு இது ஒரு பெரிய கண்ணி. மத்தவங்க துக்கத்தை சுமந்து சுமந்து ஒரு நடை வந்திருக்கும், சொந்த துக்கம் வரும்போதும் அதே நடையில நடந்து போயிடுவோம்.

நாலு நாள்ல ஞாயிறு வந்துடுச்சு. யோசுவா 1ஆம் அதிகாரம் எடுத்தேன், என் தாசனாகிய மோசே மரித்துப்போனான், இப்பொழுது எழுந்து யோர்தானைக் கடந்து போன்னு. நல்லாவே பேசுனேன்னு நெனைக்கிறேன். பிறகு ஒரு நாள் அதுக்கு முந்தின பக்கத்தைத் திருப்பிப் பாத்தேன். உபாகமம் 34:8. மோவாப் வெளியில ஜனங்க மோசேக்காக 30 நாள் அழுதாங்க. ஆரோனுக்கும் 30 நாள்தான். கர்த்தர் யோசுவாகிட்ட எழுந்து போன்னு சொன்னது அந்த அழுகை நாளெல்லாம் முடிஞ்ச பிறகு, நான் எனக்கு நாலு நாள் கூட குடுக்காம ஜனங்களை யோர்தான் கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். சபையில யாரும் என்னை அவசரப்படுத்தல, நானாத்தான்.

அழுகை வந்தது அஞ்சாவது வாரம், அதுவும் ஒரு ஆம்ப்ளிஃபையருக்காக.

அந்த வாரம் மொத்தமே சரியில்ல. திங்கக்கிழமை ஹால் ஓனர் கூப்பிட்டு மூணு மாசத்துல காலி பண்ணிடுங்கன்னுட்டாரு. புதன்கிழமை என் லேப்டாப் நின்னு போச்சு, பிரசங்கக் குறிப்பு எல்லாம் அதுக்குள்ள. வெள்ளிக்கிழமை பையனுக்கு ஜுரம். ஞாயிறு காலையில மழை, 18 பேர் வந்தாங்க, கீபோர்டு வாசிக்கிற தம்பி வரல. ரெண்டாவது பாட்டுல ஆம்ப்ளிஃபையர்ல இருந்து டப்புன்னு ஒரு சத்தம், புகை, அவ்வளவுதான். மைக் இல்லாம தொண்டை கிழிய பேசி முடிச்சு, எல்லாரையும் அனுப்பிட்டு, ஈரத் தரையை மொழுகிட்டு, சேரையெல்லாம் அடுக்கிட்டு, "ஐயாகிட்ட சொல்லணும், சிரிப்பாரு"ன்னு நெனச்சுக்கிட்டே போனை எடுத்து அவர் பேரை அமுக்கிட்டேன். ரிங் போச்சு. நாலு ரிங் போன பிறகுதான் எனக்கு உறைச்சுது யாருக்குப் போடுறேன்னு. கட் பண்றதுக்குள்ள அந்தப் பக்கம் அம்மா எடுத்து, "ஐயா போனு எப்பவும் சார்ஜ்லதான் வச்சிருக்கேன், உன் பேரு வந்துச்சு"ன்னாங்க. என்னால ஒரு வார்த்தை பேச முடியல. அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "தூங்குனியாப்பா"ன்னு கேட்டாங்க.

அடுக்கி வச்ச சேருக்குப் பின்னாடி தரையில உக்காந்து அழுதேன். எவ்வளவு நேரம்னு தெரியல.

அன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பெரிய விஷயங்களுக்கு ஆள் இருக்கு. மரணம்னா சபை வந்து நிக்கும், வியாதின்னா சங்கிலி ஜெபம் போடும். கல்யாணத்துல அக்கா பேரைச் சொன்னதுக்கும் ஆம்ப்ளிஃபையர் புகைஞ்சதுக்கும் யாரைக் கூப்பிடுறது? மனைவிகிட்ட சொல்லலாம், சொல்றேன், ஆனா அவளுக்கும் அதே ஞாயிறுதான, அவளும் அதே மழையில நனைஞ்சவதான். சக பாஸ்டர்கள்கிட்ட சொல்லலாம், ஆனா அங்க உங்க சபையில எத்தனை பேருன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். என் சின்னச் சின்ன தோல்விகளைக் கொண்டு போய் வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு, அது காலியாயிடுச்சு. அதனால ஒவ்வொரு சின்ன தடங்கலும் ஐயாவை மறுபடி ஒரு தடவை அடக்கம் பண்ற மாதிரியே இருந்துச்சு. பஞ்சர் ஆனா ஐயா ஞாபகம், பிரிண்டர் மக்கர் பண்ணா ஐயா ஞாபகம்.

அடுத்த ரெண்டு மூணு மாசம் நான் பண்ண கூத்து இருக்கே. அவரோட பழைய வாய்ஸ் நோட்டெல்லாம் தேடித் தேடிக் கேட்டேன். பத்து வருஷம் முன்னாடி அவர் பேசுன கேசட்டை யார்கிட்டயோ வாங்கி, ஓட்ட மிஷின் இல்லாம அலைஞ்சேன். பிரசங்கத்துல அவர் மாதிரியே கையை ஆட்ட ஆரம்பிச்சேன், என் மனைவிதான் சொன்னா. எலியா போன பிறகு எரிகோவுல 50 பலவான்கள் கிளம்பி எலியாவைத் தேடுனாங்க, கர்த்தருடைய ஆவி அவரை எங்கயாவது மலையிலயோ பள்ளத்தாக்குலயோ போட்டிருக்கும்னு. எலிசா போகாதீங்கன்னுதான் சொல்றாரு, அவங்க விடல, அவருக்கே கூச்சமாப் போற அளவுக்கு நச்சரிக்கிறாங்க, சரி போங்கன்னுட்டாரு. மூணு நாள் தேடிட்டு வெறுங்கையோட திரும்பி வந்தாங்க. பிரசங்கத்துல இவங்களை நான் கிண்டல் பண்ணியிருக்கேன், அவிசுவாசிகள்னு. இப்ப பாத்தா எலிசா அவங்களைப் போகவிட்டதுதான் பெரிய விஷயமாத் தெரியுது. தேடித் தீரட்டும்னு விட்டிருக்காரு.

ஏழாவது மாசம் ஆகியும் தூக்கம் சரியா வரல. பைபிளைத் திறந்தா எழுத்து எழுத்தா தெரியுது, உள்ள எதுவும் போகல. சபைக்கு வர்ற ஒரு நர்ஸ் சிஸ்டர்தான் மெதுவா, "பாஸ்டர், யாராவது கவுன்சிலரைப் பாருங்களேன்"னாங்க. எனக்கு முதல்ல வந்தது கோவம். ஊருக்கே ஆலோசனை சொல்றவன் நான், எனக்கு ஆலோசனையா? ரெண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஐயா எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. 1856ல லண்டன்ல சர்ரே கார்டன்ஸ் ம்யூசிக் ஹால்ல பிரசங்கியார் ஸ்பர்ஜன் பேச நின்னப்ப, கூட்டத்துல யாரோ தீ தீன்னு கத்தி, நெரிசல்ல 7 பேர் செத்துப்போனாங்க, ஸ்பர்ஜனுக்கு அப்ப 22 வயசுதான். அந்த மனுஷன் அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா மனச்சோர்வோட போராடுனாரு, அதை மறைக்கவும் இல்ல, ஊழியத்துக்குப் படிக்கிற பசங்ககிட்டயே வெளிப்படையாப் பேசுனாரு. "அவ்வளவு பெரிய பிரசங்கியாருக்கே படுக்கை தேவைப்பட்டுச்சு தம்பி"ம்பாரு ஐயா. சரின்னு போனேன்.

ஆறு தடவை போனேன். அந்த கவுன்சிலர் விசுவாசியும் இல்ல, அது ஒரு விதத்துல நல்லதாவே போச்சு, பாஸ்டர் மாதிரி நடந்துக்க வேண்டிய அவசியமே இல்ல. நான் போன உடனே ரொம்பத் தெரிஞ்ச மாதிரி, அந்த அஞ்சு கட்டம் இருக்குல்ல சார், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறது, அதுல நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்னு கேட்டேன். சபையில கவுன்சிலிங் கிளாஸ்ல நானே அதை போர்டுல எழுதிப் போட்டிருக்கேன். அவரு சிரிச்சிட்டு, அது 1969ல எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதினது, சாகப்போற நோயாளிகள்கிட்ட பேசிப் பேசி எழுதினது, இழந்தவங்களை வச்சு எழுதுனதே இல்ல, படிக்கட்டு மாதிரி ஒவ்வொண்ணா ஏறணும்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்கன்னாரு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாட்டுலயே நீடித்த துக்கம்னு தனியா ஒண்ணு இருக்காம், ஆறு மாசத்துக்கு மேலயும் ஏக்கம் குறையாம, அன்றாட வாழ்க்கையவே முடக்கிப் போட்டா அதைப் பாப்பாங்களாம். உங்களுக்கு அது இல்ல, ஆனா அந்தப் பக்கமா நடந்துக்கிட்டு இருந்தீங்கன்னு சொன்னாரு. அந்த "நடந்துக்கிட்டு இருந்தீங்க"ல ஒரு நிம்மதி. அவரு குடுத்த ஹோம்வொர்க் ஒண்ணுதான், ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு ஐயாகிட்ட சொல்ல இருந்ததை ஒரு நோட்ல எழுதறது, முதல்ல அந்த மூணு கேள்விக்கும் பதில் எழுதிட்டு. கேணத்தனமா இருக்கேன்னு நெனச்சேன். ஒரு நோட்டு முடிஞ்சு ரெண்டாவது ஓடுது.

சபையிலயும் ஒண்ணு பண்ணேன், அது சரியா தப்பான்னு தெரியல. ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்குப் பதிலா சங்கீதம் 88ஐ மட்டும் நிதானமா வாசிச்சேன், 18 வசனம். மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் எங்கயாவது ஒரு இடத்துல "ஆனாலும்"னு திரும்பிடும், இது திரும்பவே திரும்பாது, இருட்டுலயே முடிஞ்சு போயிடும். வாசிச்சிட்டு உக்காந்துட்டேன், அஞ்சு நிமிஷம் யாரும் பேசல. முடிஞ்ச பிறகு ஒருத்தர் வந்து, "பாஸ்டர், நெகட்டிவா இருந்துச்சு, புதுசா வந்தவங்க என்ன நெனப்பாங்க"ன்னாரு. அவர் சொன்னதும் நியாயம்தான். இன்னொரு அம்மா, பையனைப் பறிகொடுத்து 20 வருஷம் ஆனவங்க, ஒண்ணும் பேசல, என் கையைப் பிடிச்சிட்டு நின்னுட்டுப் போனாங்க.

துக்க வீட்டுக்குப் போனா இப்ப நான் வேற ஆளு. முன்னாடியெல்லாம் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே வசனத்தை ரெடி பண்ணிடுவேன், "அவரு நல்ல இடத்துல இருக்காரு", "கர்த்தர் தப்பு பண்ணமாட்டாரு". ஐயா வீட்ல வரிசையா வந்தவங்க இதையே என்கிட்ட சொன்னப்பதான் அது காதுல எப்படி விழும்னு தெரிஞ்சுது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஒண்ணும் உள்ள எறங்கல. யோபுவோட நண்பர்களை நாம திட்டுறோமே, அவங்க முதல் 7 நாள் 7 ராத்திரி ஒரு வார்த்தை பேசாம அவரோட தரையில உக்காந்திருந்தாங்க. என்னால ஏழு நிமிஷம் வாயை மூடிட்டு உக்கார முடியல, பழகிக்கிட்டு இருக்கேன்.

ஹால் விஷயம். ரொம்ப அலைஞ்சு வேற ஒரு எடம் கிடைச்சுது, பழையதை விட சின்னது, ஞாயிறு சாயங்காலம் மட்டும்தான் கிடைக்கும். ஆராதனை நேரத்தை மாத்துனதுல மூணு குடும்பம் நின்னுட்டாங்க, ரெண்டு குடும்பம் புதுசா வந்தாங்க. இதுல ஒரு ஒழுங்கான கணக்கு எனக்குப் பிடிபடல. ஆனா அந்த ஹால்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் வாசப்படிக்குப் பக்கத்துல. மேடை அந்தக் கோடியில. முதல் வாரம் ஆளாளுக்கு வீட்ல இருந்து கொண்டு வந்த குட்டிக் குட்டி ஒயரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டி ஓட்டினோம், நடுவுல ஒரு பிள்ளை காலு தட்டி எல்லாம் ஆஃப். அப்பதான் எங்க நீள ஒயர் பாக்ஸ் எங்கன்னு யாரோ கேட்டாங்க.

எனக்குத் தெரியும் எங்கன்னு. போய் கேக்கத்தான் மனசு வரல. ஐயா போய் ஒரு வருஷம் ஆகப்போகுது, அம்மாகிட்ட போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் குடுங்கன்னா எப்படி இருக்கும். ரெண்டு வாரம் கடைக்குப் போய் புதுசு வாங்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் 2 தீமோத்தேயு 4 ஞாபகம் வந்துச்சு. பவுல் தன் தேகத்தை விட்டுப் பிரியும் காலம் வந்தாச்சுன்னு எழுதுறாரு, நல்ல போராட்டத்தைப் போராடினேன்னு எழுதுறாரு, எழுதிட்டு அடுத்த மூச்சுல, துரோவாவுல கார்ப்பு வீட்ல என் மேலங்கியை வச்சிட்டு வந்துட்டேன், வரும்போது எடுத்துட்டு வான்னு கேக்குறாரு. குளிர்காலத்துக்கு முன்னாடி வந்துடுன்னும் சொல்றாரு. சரி, சாகப்போற நேரத்துல அவரே மேலங்கியைக் கேட்டிருக்காரு, நான் ஒரு ஒயரைக் கேட்டா என்னன்னு போனேன்.

அம்மா ஒண்ணும் நெனச்சுக்கல. "அந்த அலமாரியிலதான் இருக்கும், உன்னுதுன்னு சொல்லி வச்சிருந்தாரு, நான் எதையும் தொடல"ன்னாங்க. ஐயா டூல்ஸ் வைக்கிற அலமாரி. டெஸ்டர், குறடு, இன்சுலேஷன் டேப்பு, நட்டு போட்டு வைக்கிற டப்பா, எல்லாம் அவர் வச்ச மாதிரியே. கீழ்த்தட்டுல பாக்ஸ். ஒயரை எட்டு மாதிரி சுத்தி, ரெண்டு இடத்துல கயிறு போட்டு கட்டியிருந்தாரு, அப்படித்தான் சுத்தணும்னு எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு, நான் எப்பவும் முழங்கையில சுத்துவேன். ஒயர்ல உரிஞ்சிருந்த இடத்துல புது டேப்பு. பாக்ஸைப் பிரிச்சு உள்ள சுத்தம் பண்ணி மறுபடி மூடியிருந்தாரு, நாலு ஸ்க்ரூவும் புதுசு. எப்ப பண்ணாருன்னு அம்மாவுக்கும் சரியாத் தெரியல, முதல் தடவை ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப ஒரு நாள் தரையில உக்காந்து என்னமோ நோண்டிக்கிட்டு இருந்தாருன்னாங்க.

அந்த ஞாயிறு சாயங்காலம் நானே சொருகுனேன். கீபோர்டு, மைக், லைட்டு, எல்லாம் எரிஞ்சுது. அஞ்சு பாயிண்ட் நல்லா வேலை செய்யுது. ஆறாவது பாயிண்ட் மேல வெள்ளை பிளாஸ்டரை குறுக்கால ஒட்டி, பேனாவால, கை நடுக்கத்துல கோணல் மாணலா எழுதியிருந்தாரு, "தம்பி, இதுல மட்டும் சொருகாதே, சரி பண்ண முடியல."